ஊருக்குள் ஒரு குயில்ட் குழு: முதல் கூட்டத்திலிருந்து முதல் போர்வை வரை

துண்டுத் துணிகளைச் சேர்த்து மேல்துணி தைத்து, நடுத்துணியும் அடித்துணியும் வைத்து மூன்றையும் ஒன்றாக ஓட்டுத் தையலால் பிணைப்பதுதான் குயில்ட். தனியாகவும் செய்யலாம். குழுவாகச் செய்ய இறங்கினால் தையலைவிட வரிசை முக்கியமாகிவிடும். ஆறு பேர் ஆறு அளவில் தைத்துக் கொண்டுவந்த கட்டங்களை எந்தக் கெட்டிக்காரராலும் ஒட்டவைக்க முடியாது. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பை, தென்காசிப் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து தொடங்க நினைத்தால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

முதல் வேலையாக ஆளுக்கொரு போர்வை என்று பிரிக்காதீர்கள். தையல் மெஷின் வைத்திருப்பவர் முடித்துவிடுவார், மற்றவர்கள் இரண்டாவது மாதமே நின்றுவிடுவார்கள். எல்லோரும் சேர்ந்து ஒன்று, அதுவும் கொடுப்பதற்கு. இங்கே எடுத்துக்கொள்ளும் அளவு 48 x 60 இஞ்ச்: 12 இஞ்ச் கட்டங்கள், வரிசைக்கு நாலு, ஐந்து வரிசை, மொத்தம் 20. அதில் 12 கட்டம் பட்டை வைத்துத் தைத்தவை, 8 வெறும் துணி.

1. ஆட்கள், நாள், இடம்

எட்டுப் பேர் நல்ல எண்ணிக்கை. அதில் ஆறு பேரிடமாவது வீட்டில் மெஷின் இருந்தால் போதும். மற்ற இருவர் வெட்டுக்கும் இஸ்திரிக்கும். தைக்கத் தெரியாதவர் வரலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். தாராளமாக வரலாம், ஆனால் அவருக்கு முதல் நாளே ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். வேடிக்கை பார்க்க வைத்தால் அடுத்த மாதம் வரமாட்டார்.

நாள் குறிப்பதில்தான் பாதிக் குழுக்கள் கவிழ்கின்றன. ஞாயிறு காலை என்றால் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் வராது. வெள்ளி மதியம் முஸ்லிம் வீடுகளுக்கு ஒத்துவராது. பீடி சுற்றுகிறவர்களுக்குக் கட்டு ஒப்படைக்கும் நேரம் இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு நேரம் வையுங்கள். ஞாயிறு மதியம் மூன்று மணி பெரும்பாலும் எல்லோருக்கும் ஒத்துப்போகும். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம், தசரா, தீபாவளி, கிறிஸ்துமஸ், ரமலான் வரும் மாதங்களில் கூட்டத்தை முன்னதாகவே தள்ளி வைத்துச் சொல்லிவிடுங்கள். டெய்லராக இருக்கும் உறுப்பினர்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதமும், பள்ளிச் சீருடை தைக்கும் மே, ஜூனும் ஓய்வே கிடையாது.

இடத்துக்கு மூன்று நிபந்தனை: ஆறடிக்கு எட்டடி வெறும் தரை, நல்ல வெளிச்சம், இஸ்திரிப் பெட்டிக்குத் தாங்கும் பிளக். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று நாலரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டைச் சொருகினால் சின்ன பிளக் கருகும். ஒன்றை 15 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள், இரண்டாவது வேண்டாம்.

2. பொதுப் பணமும் பொதுக் கருவிகளும்

மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் என்று வைத்தாலும் சரி, ஐம்பது என்றாலும் சரி, கணக்கு நோட்டை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். பணம் வைத்திருப்பவரும் நோட்டு எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். சந்தேகத்துக்காகச் சொல்லவில்லை, ஒருவர் ஊருக்குப் போனால் வேலை நிற்கக் கூடாது.

குழுவுக்குப் பொதுவாக வாங்க வேண்டியவை: 45 மில்லிமீட்டர் ரோட்டரி கட்டர் (வட்டப் பிளேடு உருண்டு வெட்டும் கருவி) ஒன்று, 18 x 24 இஞ்ச் கட்டிங் மேட் ஒன்று, 6 x 24 இஞ்ச் அக்ரிலிக் ஸ்கேல் ஒன்று. இவை ஆளுக்கொன்று தேவையில்லை, ஏனென்றால் வெட்டு ஒரே இடத்தில்தான் நடக்கப் போகிறது. இன்னொன்று, அக்ரிலிக்கில் நேம் போர்டு செய்யும் கடையில் 3 மில்லிமீட்டர் தகட்டில் 12½ இஞ்ச் சதுரம் ஒன்று வெட்டி வாங்குங்கள். எல்லாக் கட்டத்தையும் சரிபார்க்க அதுதான் அளவுகோல். வாங்கும்போதே நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் அளந்து பாருங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அது சதுரம் இல்லை.

ரோட்டரி கட்டரை வைக்கும் ஒவ்வொரு முறையும் பிளேடை மூடிவிட்டு வைக்க வேண்டும். குழந்தைகள் வரும் கூட்டத்தில் இதற்கு விலக்கே இல்லை.

3. துணி சேர்ப்பது, சோதிப்பது

நவீன குயில்ட் பாணிக்குப் பூப்போட்ட துணியைவிட வெறும் நிறத் துணி பொருந்தும். அதற்கு நம் ஊரில் அலைய வேண்டாம். பிளவுஸுக்கு எடுக்கும் டூ பை டூ துணி கடைக்குக் கடை வரிசையாக அடுக்கியிருக்கும், கேட்ட நிறம் கிடைக்கும். ஆறு நிறம், ஒவ்வொன்றிலும் அரை மீட்டர். வெறும் கட்டங்களுக்கு ஒரே நிறத்தில் 44 இஞ்ச் அகலத்தில் ஒன்றேகால் மீட்டர். ஓரத்துக்கு அதே அகலத்தில் அரை மீட்டர். அகலத்தைக் கேட்காமல் வாங்காதீர்கள். 44 இஞ்ச் துணியில் 12½ இஞ்ச் மூன்று வரும், 36 இஞ்ச் பிளவுஸ் துணியில் இரண்டுதான் வரும். பட்டைக்கு அரை மீட்டர் என்பது 36 இஞ்ச் துணிக்கும் போதும். வெறும் கட்டத்துக்கு ஒன்றேகால் மீட்டர் போதாது.

டெய்லர் கடை வெட்டுத்துணி தீபாவளி முடிந்ததும் மூட்டையாகக் கிடைக்கும். புதியம்புத்தூர் மாதிரி ரெடிமேட் தைக்கும் ஊர்களில் எடைக்கும் கிடைக்கும். ஆனால் சீருடைத் துண்டுகள் பெரும்பாலும் டெரிகாட்டன், அதாவது பாலியஸ்டர் கலந்த பருத்தி. அதை முழுப் பருத்தியோடு சேர்த்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. முதல் அலசலிலேயே கட்டம் கொப்பளித்து நிற்கும். வீரவநல்லூர் செடிபுட்டா சேலைத் துண்டுக்கும் இதே எச்சரிக்கை. அழகுதான், செயற்கைப் பட்டு கலந்த நெசவு. தனியாகச் சுவரில் தொங்கவிட ஒன்று செய்யும்போது பார்க்கலாம்.

சந்தேகம் வந்தால் துணியிலிருந்து நாலு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள், தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு. பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும்.

அடுத்து அலசல். புதுப் பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். எல்லாத் துணியையும் வீட்டில் வழக்கமாகத் துவைக்கிற முறையிலேயே ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகுதான் வெட்டு. மெரூன், அடர்சிவப்பு, கருநீலம் மூன்றையும் தனித்தனியாகச் சூடான தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு, ஒரு வெள்ளைத் துண்டையும் உடன் போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னொரு முறை. மூன்றாவது முறையும் ஏறினால் அந்தத் துணி வேண்டாம். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், கடையில் வாங்கிய சாயத் துணிக்கு அது உதவாது.

4. கால் இஞ்ச் சோதனை

இதை முடிக்காமல் யார் கையிலும் துணியைக் கொடுக்காதீர்கள். வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

குயில்ட்டில் தையலுக்கு விடுவது கால் இஞ்ச். பிளவுஸ் தைத்துப் பழகிய கை அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் விட்டுத்தான் போகும். மெஷின் பாதத்தின் ஓரத்தை வைத்துப் போனாலும் தப்பும், ஒவ்வொரு மெஷினிலும் பாதத்தின் அகலம் வேறு.

ஒரு பட்டைக் கட்டத்தில் ஆறு பட்டை, ஐந்து தையல். கால் இஞ்சுக்குப் பதிலாக அரை நூல், அதாவது இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக விட்டாலே தையலுக்கு இரு பக்கமும் சேர்த்து ஒரு நூல் போய்விடும். ஐந்து தையலில் ஐந்து நூல். 12½ இஞ்ச் வர வேண்டிய கட்டம் 11⅞ தான் வரும். கண்ணுக்கே தெரியாத பிசகு, கடைசியில் விரல் அகலம் குறைகிறது.

சரிசெய்யும் முறை: அக்ரிலிக் ஸ்கேலைப் பாதத்துக்கு அடியில் வையுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை இறக்கி, கால் இஞ்ச் கோட்டின் மேல் முனை தொடும்படி ஸ்கேலை நகர்த்துங்கள். ஸ்கேல் ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப்பை ஐந்தாறு அடுக்காக ஒட்டுங்கள். காலாவதியான ஏ.டி.எம். கார்டை ஒட்டினாலும் சரி. துணி அந்தத் திண்டில் உரசிக்கொண்டே போகும், கண் ஊசியைப் பார்க்க வேண்டியதில்லை.

பிறகு சோதனை. 1½ இஞ்ச் அகலப் பட்டை மூன்றை அருகருகே தைத்து இஸ்திரி போட்டு அளக்கவும். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச், மொத்த அகலம் 3½ இஞ்ச் வர வேண்டும். வராவிட்டால் டேப்பை நகர்த்தி மறுபடியும். ஆறு பேரும் அவரவர் வீட்டு மெஷினில் தைத்த சோதனைத் துண்டைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து ஒரே ஸ்கேலில் அளக்க வேண்டும். ஆளுக்கொரு இஞ்ச் டேப் வேண்டாம், பழைய டேப் இழுபட்டிருக்கும்.

ஊசி 14 நம்பர். நம் ஊர் மெஷின்களில் வழக்கமாக இருக்கும் 16 மெல்லிய பருத்தியில் ஓட்டை விடும். தையல் நீளம் இஞ்சுக்குப் பத்து முதல் பன்னிரண்டு.

5. வெட்டு

வெட்டு முழுவதையும் ஒரே நாளில், ஒரே மேட்டில், முடிந்தால் ஒரே ஆள் செய்யட்டும். இரண்டு பேர் வெட்டினால் ஸ்கேலின் கோட்டுக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று அரை நூல் வித்தியாசம் வரும்.

ஒவ்வொரு துணியையும் இஸ்திரி போட்டு, ஓரக்கரையை வெட்டி நீக்குங்கள். கரை நெருக்கமான நெசவு, தனியாகச் சுருங்கும். பிறகு 2½ x 12½ இஞ்ச் பட்டைகள். 12 கட்டத்துக்கு ஆறு வீதம் 72, உபரி 12, மொத்தம் 84. அதாவது நிறத்துக்கு 14. வெறும் கட்டம் 12½ இஞ்ச் சதுரம் எட்டு.

ஆறு கவர் எடுத்து ஒவ்வொன்றிலும் 14 பட்டை, சோதனையில் தேறிய மூன்று பட்டைத் துண்டு, “முடிந்த அளவு 12½” என்று எழுதிய சீட்டு. கவருக்கு இரண்டு கட்டம். தையல் தப்பினால் மாற்றிக்கொள்ள உபரிப் பட்டை இரண்டு.

6. கட்டம் தைப்பது

வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்யும் வேலை இது மட்டும்தான். ஆறு பட்டையையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே முனையிலிருந்து தைத்துக்கொண்டே போகாதீர்கள், கட்டம் வில்லாக வளையும். முதலில் இரண்டிரண்டாக மூன்று ஜோடி. பிறகு ஜோடிகளை இணைக்கும்போது எதிர் முனையிலிருந்து தையல் தொடங்கட்டும்.

ஒவ்வொரு தையலுக்கும் பிறகு இஸ்திரி. பெட்டியைத் தேய்க்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். தேய்த்தால் ஈரத்துணி இழுபட்டு 12½ பதிமூன்றாகும். தையல் மடிப்பை அடர்நிறத்தின் பக்கம் சாயுங்கள், வெளிர்நிறத்துக்கு அடியில் நிழல் தெரியாது.

திரும்பி வரும் கட்டங்களை அக்ரிலிக் சதுரத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். ஓரிரண்டு மட்டும் குறைந்தால் ஒரு தையலைப் பிரித்துச் சரிசெய்யலாம். பாதிக்கு மேல் கால் இஞ்ச் குறைந்தால் எல்லாவற்றையும், வெறும் கட்டங்களையும் சேர்த்து, 12¼ ஆக வெட்டிவிடுங்கள். போர்வை ஒரு இஞ்ச், ஒன்றேகால் இஞ்ச் சிறுத்ததை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இழுத்து நீட்டிச் சேர்ப்பது மட்டும் கூடாது. துவைத்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

7. தரையில் அடுக்குவது

கூட்டத்தின் உயிரே இந்த ஒரு மணி நேரம்தான், அவசரப்படுத்தாதீர்கள். இருபது கட்டத்தையும் தரையில் பரப்புங்கள். பட்டைக் கட்டங்களை ஒன்று நிமிர்த்தி, ஒன்று படுக்கவைத்து மாற்றி மாற்றி வையுங்கள். வெறும் கட்டங்களைச் சீராகத் தூவ வேண்டும் என்றில்லை. எட்டில் ஐந்தையோ ஆறையோ ஒரே மூலையில் குவித்துப் பாருங்கள். வெற்றிடம் ஒரு பக்கம் சேர்ந்தால்தான் நிறம் பேசும். சதுரங்கப் பலகை மாதிரி அடுக்கினால் பழைய பாணிதான் வரும்.

போனில் கறுப்பு-வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நிறத்தில் வேறுபட்டுத் தெரியும் இரண்டு துணி அடர்த்தியில் ஒன்றாக இருந்தால் படத்தில் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும், தள்ளி வைக்கலாம்.

கருத்துச் சொல்ல ஒரு விதி தேவை. யாருடைய கட்டம் என்று பேசாமல் எந்த இடம் என்று பேசுவது. “மைனி, உங்க கட்டம் இடிக்கி” என்றால் மைனி அடுத்த மாதம் வரமாட்டார். “யக்கா, அந்தச் செவப்ப ஒரு கட்டம் தள்ளி வச்சா நல்லாருக்கும்லா?” என்றால் எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். வயதில் மூத்த ஆச்சி சொன்னதுதான் முடிவு என்றும் விட்டுவிட வேண்டாம். கை தூக்கச் சொல்லுங்கள்.

முடிவானதும் ஒவ்வொரு கட்டத்தின் இடது மேல் மூலையிலும் வரிசை எண், இட எண் எழுதிய சீட்டை ஊக்கில் குத்துங்கள். படத்தை நம்பி அள்ளிக்கட்டினால் நிமிர்ந்தது படுத்துவிடும்.

8. இணைப்பு

நாலு கட்டம் சேர்ந்து ஒரு வரிசை, ஐந்து வரிசை. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை வலப்பக்கம் சாய்த்தால் இரண்டாவதை இடப்பக்கம். வரிசைகளை இணைக்கும்போது இரண்டு மடிப்பும் எதிரெதிராக உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும், மூலை தானாகச் சேரும். எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த இடம் தடித்து ஊசி முறியும். மேல்துணி முடிந்ததும் அளவு 48½ x 60½.

9. மூன்றடுக்கு

அடித்துணி 56 x 68 இஞ்ச், நடுத்துணி 52 x 64. தைக்கத் தைக்க மேல்துணி கொஞ்சம் உள்ளே இழுக்கும், அதற்காகத்தான் இந்தக் கூடுதல்.

அடித்துணிக்கு நைந்துபோகாத பழைய பருத்திச் சேலை அருமையாகப் பொருந்தும். 56 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் போதும். 60 x 90 பெட்ஷீட்டில் இணைப்பே தேவையில்லை, ஆனால் நெருக்கமான நெசவுப் பெட்ஷீட்டில் கைத்தையல் ஊசி ஏறாது. குத்திப் பார்த்துவிட்டு எடுங்கள்.

நடுவில் என்ன வைப்பது? நம் வெயிலுக்குப் பாலியஸ்டர் ஷீட் வேண்டாம், வேர்க்கும். இலவம்பஞ்சு தலையணைக்குச் சரி, இங்கே இரண்டு துவையலில் மூலையில் உருண்டு சேரும். அலசிய ஃபிளானல் ஒரு அடுக்கு, அல்லது பழைய எட்டுமுழ வேட்டி. வேட்டி மெல்லியதாக இருந்தால் இரண்டு அடுக்கு.

டைல்ஸ் தரையைத் துடைத்து உலரவிட்டு, அடித்துணியை நல்ல பக்கம் கீழே பார்க்க விரித்து, நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் போகும் அளவுக்குத்தான் இழுக்க வேண்டும். ரப்பர் மாதிரி இழுத்து ஒட்டினால் எடுத்ததும் சுருங்கி மேல்துணி பொங்கும். பாயின் மேல் விரிக்காதீர்கள், பத்தமடைப் பாயே ஆனாலும். அடித்துணியோடு சேர்த்துக் கோரையையும் குத்திவிடுவீர்கள்.

நடுத்துணி, மேல்துணி இரண்டையும் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிவிடுங்கள். நாலு இஞ்சுக்கு ஒரு ஊக்கு என்றால் ஏறக்குறைய 180 ஊக்கு ஆகும். அத்தனை இல்லையென்றால் நீளமான ஓட்டுத் தையலை நடுவிலிருந்து நட்சத்திரம் போல எட்டுத் திசைக்கும், பிறகு கட்டம் கட்டமாகவும் போட்டு, கடைசியில் பிரித்துவிடலாம்.

10. சுற்றி உட்கார்ந்து தைப்பது

இரண்டு மூன்று கூட்டங்கள் இதற்கே போகும், போகட்டும். தடித்த பருத்தி நூல் (பெர்ல் காட்டன் 8), பெரிய காதுள்ள எம்ப்ராய்டரி ஊசி. நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். இஞ்சுக்கு நாலைந்து தையல். கோடுகள் மூன்று இஞ்ச் இடைவெளியில், நீளவாக்கில்.

நடுக்கோட்டில் தொடங்கி வெளியே போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் மிச்சத்துணி முழுவதும் நடுவில் வந்து மடிப்பாக நிற்கும். பிரிப்பதைத் தவிர அதற்கு மருந்தில்லை.

பக்கத்துக்கு மூன்று பேராக எதிரெதிரே உட்காருங்கள். பட்டைக் கட்டத்தில் தையல் பிசகு மறையும், வெறும் கட்டத்தில் ஒவ்வொரு தையலும் தெரியும். ஆகவே புதியவர்களைப் பட்டைப் பக்கம், கை தேர்ந்தவர்களை வெறும் பக்கம். புதியவர் தனியாக ஒரு மூலையில் வேண்டாம், தெரிந்தவர் இருவருக்கு நடுவில் உட்காரட்டும். கேட்காமலே பார்த்துப் பிடித்துக்கொள்வார்.

கோடு போட டெய்லர் சாக். பேனா கூடாது, மெழுகுச் சாக்கின் மேல் இஸ்திரி கூடாது, கறை நிலைக்கும். மாஸ்கிங் டேப்பை வழிகாட்டியாக ஒட்டினால் அன்றே உரித்துவிடுங்கள். நம் சூட்டில் ஒரு வாரம் இருந்தால் பசை துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரையில் ஓட்டினால் விழுந்தவை வந்துவிடும். டீயும் பலகாரமும் துணியை மடித்து வைத்த பிறகு. அல்வா வந்தால் கை கழுவும் வரை யாரும் போர்வையைத் தொடக் கூடாது. அந்த நெய் வெளிர்துணியில் இறங்கினால் லேசில் போகாது.

11. ஓரம் கட்டுவது

முதலில் மூன்றடுக்கையும் மேல்துணி அளவுக்கு வெட்டிச் சமப்படுத்துங்கள். மூலையில் அக்ரிலிக் சதுரத்தை வைத்துச் செங்கோணம் பாருங்கள்.

சுற்றளவு 218 இஞ்ச். 2½ இஞ்ச் அகலத்தில் துணியின் முழு அகலப் பட்டை ஆறு வேண்டும். பிளவுஸ் பைப்பிங் பழக்கத்தில் கிராஸாக வெட்ட வேண்டியதில்லை. ஓரம் நேராக இருப்பதால் நேர்வெட்டே போதும், துணியும் மிச்சம். பட்டைகளை இணைக்கும் தையல் மட்டும் சாய்வாக இருக்கட்டும், அப்போதுதான் ஒரே இடத்தில் தடிக்காது.

நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, வெட்டிய ஓரங்கள் மேல்துணியின் ஓரத்தோடு சேர வைத்து, பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள், எட்டு இஞ்ச் வாலை விட்டுவிட்டு. மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, பட்டையை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, பிறகு நேர் கீழே மடித்து அடுத்த பக்கம். கால் இஞ்ச் விடாமல் முனைவரை ஓட்டினால் மூலை உருண்டுவிடும். சுற்றி வந்ததும் வாலையும் முனையையும் இணைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங்.

பின்பக்க மூலையில் குழுவின் பெயர், ஆண்டு, துவைக்கும் முறை எழுதிய சிறு துணி.

12. கொடுப்பது, அடுத்த மாதங்கள்

முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கும் முன் அங்கே எப்படித் துவைக்கிறார்கள் என்று கேளுங்கள். ஊறவைத்து அடித்துத் துவைக்கும் இடமென்றால் கோடுகள் இரண்டு இஞ்ச் இடைவெளியில் இருப்பது நல்லது. ஆகவே பத்தாவது படிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். குழந்தைக்கு என்றால் தரையில் விரிக்க மட்டும் கொடுங்கள். ஒரு வயதுக்குள் தொட்டிலில் போர்த்தக் கூடாது, பொத்தான், மணி எதுவும் வைக்கவும் கூடாது. எதுவானாலும் ஒருமுறை அலசி, ஊக்கு எதுவும் மிச்சமில்லை என்று தடவிப் பார்த்து அனுப்புங்கள்.

இரண்டாவது சுற்றில் ஆளுக்கொரு வேலை தொடங்கலாம். கூட்டத்தின் முதல் அரைமணியில் அவரவர் செய்ததைக் காட்டட்டும், அரைகுறையானாலும் சரி. குறை கேட்டால் மட்டும் சொல்லுங்கள். துணி மாற்றிக்கொள்வதும் நன்றாக நடக்கும். ஒவ்வொருவரும் 5 இஞ்ச் சதுரம் பத்து, அலசியது, பருத்தி மட்டும், கவரில் கொண்டுவர வேண்டும். அலசாத கவரைத் திருப்பிக் கொடுக்க ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள், இல்லையென்றால் ஒருவருடைய மெரூன் எட்டுப் பேர் வீட்டிலும் சாயம் விடும்.

ஒருவர் நடுக்கட்டம் தைத்து அடுத்தவருக்குக் கொடுக்க, அவர் சுற்றிலும் ஒரு பட்டை சேர்த்து அடுத்தவருக்குக் கொடுக்க, அப்படியே சுற்றிவருவதும் உண்டு. நாலு பேருக்கு மேல் சுற்றவிடாதீர்கள். மாதம் ஒரு கைமாற்றம், பட்டையின் அகலம் முன்பே எழுதி வைத்தது, தைக்க முடியாதவர் தைக்காமலே அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்த மூன்றையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் தொடங்கினால், ஒருவருடைய நடுக்கட்டம் இன்னொருவர் அலமாரியிலேயே தங்கிவிடும்.